அவர் நம்மாளா? அறிவியலாளர்களின் கடவுள் நம்பிக்கை பற்றி மேல்மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானலைத் தாண்டி, பூம்பாறை போகிற வழியில் உள்ள ஒரு ஊரில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பனிமூட்டம் இல்லாத சனிக்கிழமை இரவுகளில் பிள்ளைகளைக் கூட்டி, ஒரு சின்னத் தொலைநோக்கியில் வானம் காட்டுகிறேன். எல்லார் முன்னாலும் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்காக ஒரு செருப்புப் பெட்டியில் துளை போட்டு வைத்திருக்கிறோம். வியாழனுக்கு எத்தனை நிலா என்று எழுதிப் போடுகிறவர்களைவிட, ஐன்ஸ்டைன் சாமி கும்பிட்டாரா என்று எழுதிப் போடுகிறவர்கள் அதிகம். பெற்றோரும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே பதிலோடு தந்திருக்கிறேன்.

சார், நீங்கள் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறீர்கள். அப்புறம் எப்படி அறிவியல் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவன் ஏழாம் வகுப்புப் பையன். 2019 டிசம்பர் 26, கங்கண சூரிய கிரகணம். மலையில் மஞ்சு மூடிவிடுமோ என்ற பயத்தில் பிள்ளைகளை வேனில் ஏற்றித் திண்டுக்கல் பக்கம் கூட்டிப்போயிருந்தோம். சாலையோரம் ஒரு வீட்டில், கிரகணம் விட்ட பிறகுதான் அடுப்பு மூட்டுவேன் என்று ஒரு அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் வடை எடுக்கிற ஜல்லிக்கரண்டியை இரவல் வாங்கி வெயிலில் நீட்டினேன். கரண்டியின் ஒவ்வொரு ஓட்டையும் சூரியனின் ஒரு படத்தைச் சிமென்ட் தரையில் விழவைத்தது. வளையம் முழுதாகச் சேர்ந்த அந்தச் சில நிமிடம், தரை முழுக்கச் சின்னச் சின்ன மோதிரங்கள். அப்பத்தா திண்ணையிலிருந்து இறங்கி வந்து குனிந்து பார்த்தார். "முருகா" என்றார். என் வாயிலும் அதே சொல்தான் வந்தது. அதைக் கேட்டுத்தான் அந்தப் பையன் என்னை அப்படிப் பார்த்தான்.

அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இன்றும் சொல்கிறேன். நிழல் எத்தனை மணி, எத்தனை நிமிடத்துக்கு வரும் என்று கணக்குப் போடும்போது நான் முருகனைக் கேட்பதில்லை. கணக்கில் தப்பு விட்டால் தப்பு என்னுடையது. பழனிக்கு நடக்கும்போது கணக்குப் போடுவதில்லை. இந்த இரண்டும் ஒரே மனிதனுக்குள் எப்படி இருக்கின்றன என்ற கேள்விக்கு என் ஒருவன் பதில் போதாது. பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி.

ஐன்ஸ்டைன் கடவுளை நம்பினாரா, இல்லையா?

ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் வேண்டும் என்றால் ஏமாந்துபோவீர்கள். 1929இல் நியூயார்க்கிலிருந்து ஒரு யூத மதகுரு அவருக்குத் தந்தி கொடுத்து இதே கேள்வியைக் கேட்டார். உலகத்தின் ஒழுங்கில் தன்னைக் காட்டும் ஸ்பினோசாவின் கடவுளை நம்புகிறேன், மனிதர்களின் தலைவிதியிலும் செயல்களிலும் தலையிடும் கடவுளை நம்பவில்லை என்று ஐன்ஸ்டைன் பதில் அனுப்பினார். ஸ்பினோசா 17ஆம் நூற்றாண்டு ஆலந்துத் தத்துவ அறிஞர். இயற்கையும் கடவுளும் வேறு வேறு இல்லை என்று எழுதியவர். தன் கருத்துகளுக்காக இருபத்து மூன்று வயதிலேயே தன் யூத சமூகத்தை விட்டு விலக்கப்பட்டவர்.

அதே ஐன்ஸ்டைன் சாவதற்கு ஓராண்டு முன்பு, 1954இல், எரிக் குட்கிண்ட் என்ற எழுத்தாளருக்கு எழுதிய கடிதத்தில், கடவுள் என்ற சொல் மனித பலவீனத்தின் வெளிப்பாடு என்றே தனக்குப் படுவதாக எழுதினார். இந்தக் கடிதம் 2018இல் ஏலத்தில் ஏறத்தாழ 29 லட்சம் டாலருக்குப் போனது. சரி, முன்னே சொன்னதை மாற்றிக்கொண்டாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேண்டுதலைக் கேட்டு வரம் கொடுக்கும் கடவுளை அவர் இரண்டு இடத்திலும் மறுக்கிறார். பிரபஞ்சத்தின் ஒழுங்கைக் கண்டு வருகிற வியப்பைக் கடைசிவரை அவர் விடவில்லை. அந்த வியப்பைச் சமய உணர்வு என்றே அழைத்தார். அவரை ஆத்திகர் பட்டியலில் சேர்ப்பவர்கள் கடிதத்தைப் படிப்பதில்லை, நாத்திகர் பட்டியலில் சேர்ப்பவர்கள் தந்தியைப் படிப்பதில்லை.

"கடவுள் பகடை ஆடுவதில்லை" என்று அவரே சொல்லியிருக்கிறாரே?

சொன்னார். 1926இல் நண்பர் மாக்ஸ் பார்னுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அதில் கடவுள் என்றுகூட இல்லை, 'அந்தப் பெரியவர்' என்று உரிமையோடு எழுதுகிறார். அன்று பேச்சு குவாண்டம் இயற்பியலைப் பற்றியது. அணுவின் உலகத்தில் அடுத்து என்ன நடக்கும் என்பதை நிகழ்தகவாக மட்டுமே சொல்ல முடியும் என்று புதிய கொள்கை சொன்னது. ஐன்ஸ்டைனால் அதை ஏற்க முடியவில்லை. அது ஒரு இயற்பியல் சண்டை. நாம் 'சாமி சத்தியமா' என்று பேச்சுவாக்கில் சொல்வதில்லையா, அந்த மாதிரி.

நியூட்டன் பக்திமான் என்கிறார்களே?

பக்திமான்தான். ஆனால் அவர் பக்தி எப்படிப்பட்டது என்று தெரிந்தால் அசந்துபோவீர்கள். நியூட்டன் இயற்பியலைப் பற்றி எழுதியதைவிட பைபிளைப் பற்றியும் திருச்சபை வரலாற்றைப் பற்றியும் எழுதியது அதிகம். லட்சக்கணக்கான சொற்கள். அவற்றை உயிரோடு இருக்கும்வரை வெளியிடவில்லை. காரணம், தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவக் கோட்பாட்டை அவர் ஏற்கவில்லை. அது பின்னால் வந்த இடைச்செருகல் என்று பழைய ஏடுகளை ஒப்பிட்டு முடிவுக்கு வந்திருந்தார். அன்றைய இங்கிலாந்தில் இதை வெளியே சொன்னால் வேலை போகும். அதிலும் அவர் இருந்த கல்லூரியின் பெயரே திரித்துவக் கல்லூரி, கேம்பிரிட்ஜின் டிரினிட்டி.

அந்தக் கல்லூரியில் தொடர்ந்து இருக்க வேண்டுமானால் பாதிரியாராகத் திருநிலைப்பாடு பெற வேண்டும். நம்பாத ஒன்றைச் சொல்லி உறுதிமொழி எடுக்க நியூட்டனுக்கு மனம் வரவில்லை. வேலையையே விட்டுவிடும் நிலைக்கு வந்தார். 1675இல் அரசரிடமிருந்து விலக்கு ஆணை கிடைத்ததால் தப்பினார். அவருக்கு அடுத்து அதே பேராசிரியர் பதவிக்கு வந்த வில்லியம் விஸ்டன் அதே கருத்தை வெளிப்படையாகப் பேசினார், 1710இல் வெளியேற்றப்பட்டார்.

நியூட்டனின் அந்தத் தாள்கள் 1936இல்தான் லண்டனில் ஏலத்துக்கு வந்தன. பொருளாதார மேதை கெயின்ஸ் கொஞ்சம் வாங்கினார். இன்னொரு பெரும்பகுதி கடைசியில் ஜெருசலேம் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் ஒரு தாளில், உலகம் 2060க்கு முன் முடியாது என்று பைபிள் கணக்கு போட்டு எழுதியிருக்கிறார். இது வாட்ஸப்பில் 'நியூட்டன் சொன்ன உலக அழிவு தேதி' என்று சுற்றுகிறது. அதற்கு மேலும் தாமதமாகலாம், ஆனால் அதற்கு முன்னால் முடிய எனக்குக் காரணம் தெரியவில்லை, அடிக்கடி தேதி குறித்துப் பொய்த்துப்போகிறவர்களின் வாயை அடைக்கவே இதை எழுதுகிறேன் என்று அவர் அங்கேயே சொல்கிறார். பிள்ளைகளே, பயப்படாதீர்கள்.

சாகும் தறுவாயில் திருச்சபையின் கடைசிச் சடங்கை நியூட்டன் மறுத்தார் என்று அவர் குடும்பத்து உறவினர் எழுதிவைத்திருக்கிறார். கடவுளை அவ்வளவு நம்பிய ஒருவர் அப்படிச் செய்தார். பக்திமான், நாத்திகர் என்ற இரண்டு டப்பாக்களில் எதிலும் இவரை அடைக்க எனக்குத் தெரியவில்லை.

கலிலியோவைத் திருச்சபை தண்டித்ததே, அவர் மதத்தை வெறுத்தாரா?

இல்லை. கடைசிவரை கத்தோலிக்கராகவே இருந்தார். 1633இல் ரோமில் விசாரணை. பூமி சுற்றுகிறது என்ற கருத்தை மண்டியிட்டுக் கைவிடச் சொன்னார்கள், சொன்னார். 1642இல் சாகும்வரை வீட்டுக்காவல். எழுந்து நிற்கும்போது 'ஆனாலும் அது நகர்கிறது' என்று முணுமுணுத்தார் என்ற கதைக்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் கிடையாது.

இதில் நான் பிள்ளைகளுக்கு எப்போதும் சொல்வது அவருடைய மகளைப் பற்றி. மூத்த மகள் துறவு மடத்தில் கன்னியாஸ்திரி, மரியா செலஸ்தே என்று பெயர். தண்டனையின் ஒரு பகுதியாக, கலிலியோ வாரம் ஒரு முறை ஏழு பாவமன்னிப்புச் சங்கீதங்களை ஓத வேண்டும். வயதான அப்பாவுக்காக அதை நானே ஓதிவிடுகிறேன் என்று மகள் ஏற்றுக்கொண்டார். மடத்திலிருந்து அவர் அப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் 124 இன்றும் இருக்கின்றன. அப்பாவின் வானியலுக்கும் மகளின் ஜெபத்துக்கும் அந்த வீட்டில் சண்டை வரவில்லை. தண்டனைக்கு அடுத்த ஆண்டே மகள் இறந்துபோனார். கலிலியோ அதிலிருந்து எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லலாம்.

திருச்சபை செய்தது தப்பு. 1992இல் போப் இரண்டாம் ஜான் பால் அதை ஒப்புக்கொண்டார். அதற்கு 350 ஆண்டுகளுக்கு மேல் ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டார்வின் சாகும்போது மனம் மாறிக் கடவுளை ஏற்றுக்கொண்டாராமே?

அது கட்டுக்கதை. 1915இல், டார்வின் இறந்து 33 ஆண்டு கழித்து, ஹோப் சீமாட்டி என்ற பிரச்சாரகர் சொன்னதாக ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் வந்தது. நான் அப்பாவின் மரணப் படுக்கையருகே இருந்தேன், அந்தப் பெண் அங்கே இல்லவே இல்லை என்று டார்வினின் மகள் ஹென்ரியட்டா 1922இல் எழுதி மறுத்தார்.

உண்மை இதைவிட கனமானது. டார்வின் கேம்பிரிட்ஜில் படித்ததே பாதிரியார் ஆவதற்குத்தான். நம்பிக்கை ஒரே நாளில் போகவில்லை, தேய்ந்து தேய்ந்து போனது. 1851இல் அவருடைய பத்து வயது மகள் ஆனி நோயில் இறந்தாள். அதற்குப் பிறகு குடும்பத்தைத் தேவாலயம்வரை கொண்டுவிட்டு, தான் உள்ளே போகாமல் ஊருக்குள் நடந்துவிட்டு வருவார் என்கிறார்கள். மனைவி எம்மா ஆழ்ந்த பக்தி உள்ளவர். இவர் கருத்து அவருக்கு வலித்தது, அவருக்கு வலிப்பது இவருக்கும் வலித்தது. 1879இல் ஒரு கடிதத்தில், கடவுள் இல்லை என்று மறுக்கும் நாத்திகனாக நான் ஒருபோதும் இருந்ததில்லை, தெரியாது என்று சொல்பவன் என்பதே பொருந்தும் என்று எழுதினார். 1882இல் அவரை அடக்கம் செய்தது வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில், நியூட்டனுக்குப் பக்கத்தில். 2018இல் நாத்திகரான ஸ்டீபன் ஹாக்கிங்கின் சாம்பலும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது.

ராமானுஜனுக்கு நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்கு சொன்னாரா?

நாமக்கல் நாமகிரித் தாயார் அவர் குடும்பத்தின் குலதெய்வம். தன் கணிதத்துக்குத் தாயாரின் அருளே காரணம் என்று அவரே நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். கடல் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்த குடும்பம். அம்மாவின் கனவில் தாயார் வந்து தடுக்காதே என்றார், அதனால்தான் 1914இல் கப்பல் ஏற முடிந்தது என்பது குடும்பத்தில் சொல்லப்பட்ட செய்தி. கேம்பிரிட்ஜ் குளிரிலும் தானே சமைத்துச் சைவம் சாப்பிட்டார்.

அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டியோ கல்லூரிச் சிற்றாலயத்துக்குள் கால் வைக்க மறுத்த தீவிர நாத்திகர். எல்லா மதங்களும் ஏறத்தாழ ஒரே அளவு உண்மைதான் என்று ராமானுஜன் தன்னிடம் சொன்னதாக ஹார்டி எழுதினார். ஹார்டி தன் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கலாம். நாத்திக நண்பரின் மனம் நோகாமல் ராமானுஜன் பேசியிருக்கவும் வாய்ப்பு உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது, இந்த இருவரும் ஐந்து ஆண்டு ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்தார்கள் என்பது.

கனவில் வந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு தாத்தா வாதாடினார். அவரிடம் இதைச் சொன்னேன். பகா எண்களைப் பற்றி இந்தியாவில் இருந்தபோது ராமானுஜன் கண்ட ஒரு முக்கியமான சூத்திரம் தப்பு என்று ஹார்டி காட்டினார், ராமானுஜன் ஏற்றுக்கொண்டார். அவருடைய நோட்டுப் புத்தகங்களில் இருந்தவற்றை நிரூபிக்கப் புரூஸ் பெர்ன்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். பெரும்பாலானவை சரி, கொஞ்சம் தப்பு. கனவில் வந்ததோ குளியலறையில் வந்ததோ, கரும்பலகையில் நிரூபித்தாக வேண்டும். இது தாயாரைக் குறைத்துச் சொல்வதாகத் தாத்தா நினைக்கவில்லை. "அது சரி வாத்தியாரே, பரீட்சை பரீட்சைதான்" என்றார்.

நம் நாட்டு விஞ்ஞானிகள் எல்லாரும் பக்தர்கள்தானே?

ஒரே குடும்பத்திலேயே பாருங்கள். சர் சி.வி. ராமன் தலைப்பாகையோடு இருக்கும் படத்தைப் பார்த்து ஆசாரமானவர் என்று நினைக்கிறோம். சடங்குகளில் அவருக்கு நம்பிக்கை இல்லை. 1970இல் இறந்தபோது அவர் விருப்பப்படியே எளிமையாக, பெங்களூரில் தன் நிறுவன வளாகத்திலேயே தகனம் செய்யப்பட்டார். அந்த இடத்தில் இன்று ஒரு மரம் நிற்கிறது. அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1983இல் நோபல் பெற்றவர், தன்னை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டார். ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் தொழுகையை விடாதவர், வீணை வாசித்தவர், குர்ஆனோடு கீதையும் குறளும் படித்தவர்.

மேக்நாத் சாஹாவைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். டாக்கா பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஏழைக் கடைக்காரர் மகன். கல்கத்தாவில் மாணவர் விடுதியில் சாதியின் பேரால் ஒதுக்கப்பட்டவர். விண்மீன்களின் ஒளியில் ஏன் குறிப்பிட்ட கோடுகள் தெரிகின்றன என்பதை விளக்கும் சமன்பாட்டை 1920இல் கொடுத்தார். கொடைக்கானல் வானாய்வகத்தில் சூரிய ஒளியைப் பிரித்து எடுக்கிற நிறமாலையைப் புரிந்துகொள்ள இன்றும் அது வேண்டும். ஒரு வக்கீல் அவருடைய கண்டுபிடிப்பைப் பற்றிக் கேட்டுவிட்டு, "இதில் என்ன புதுசு, எல்லாம் வேதத்தில் இருக்கிறது" என்றார். எந்த வேதத்தில், எந்தப் பகுதியில் என்று சாஹா கேட்டார். நான் படித்ததில்லை என்றார் வக்கீல். சாஹா போய் வேதங்களை ஆண்டுக்கணக்கில் தேடிப் படித்தார், அப்படி எதுவும் அங்கே இல்லை என்று எழுதினார். கடவுள் நம்பிக்கை இல்லாத அவர்தான் 1952இல் இந்திய அரசு அமைத்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவர். ஒன்றை மறுப்பதற்கு முன் அதை உட்கார்ந்து படிக்கிற அந்தப் பொறுமை என்னை மிகவும் தொட்டது.

நம் கொடைக்கானல் வானாய்வகத்துக்கும் மதத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

வானாய்வகம் அரசு நிறுவனம், 1899இல் தொடங்கியது. சூரியனின் படங்களை நூறு ஆண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் சேர்த்து வைத்திருக்கிறது. அதன் முதல் இயக்குநர் மிக்கி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர், ஒரு பாதிரியாரின் மகன். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்க வந்தவர். ஓய்வுக்குப் பிறகும் கொடைக்கானலிலேயே தங்கி, 1922இல் இங்கேயே இறந்தார்.

அவருக்கு ஒரு அண்ணன், வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித், பைபிள் அறிஞர். பைபிளின் முதல் ஐந்து நூல்களும் மோசே ஒருவரே எழுதியவை அல்ல, பல காலத்தில் பலர் எழுதிச் சேர்த்தவை என்ற ஆய்வை 1875இல் பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் எழுதினார். தேவத்துரோகம் என்று அவர் சபையே வழக்கு நடத்தி, 1881இல் பேராசிரியர் பதவியிலிருந்து நீக்கியது. ஒரே வீட்டில் ஒரு பிள்ளை வேத நூலைக் கேள்வி கேட்டதற்காக விசாரிக்கப்படுகிறார், இன்னொரு பிள்ளை மதராஸுக்கு வந்து, பிறகு நம் மலையில் சூரியனைப் பார்க்க உட்காருகிறார். கேள்வி கேட்ட அந்த அண்ணனும் கடைசிவரை கிறித்தவராகவே இருந்தார். கொடைக்கானலுக்குச் சுற்றுலா வருகிறவர்களிடம் இந்தக் கதையை யாரும் சொல்வதில்லை, அதனால்தான் இங்கே நீட்டி எழுதுகிறேன்.

கீழே செண்பகனூரில் 1895இல் சேசு சபையார் தொடங்கிய கல்லூரி இருக்கிறது. அங்கே இருந்த பாதிரியார்களில் பலர் காலையில் பூசை வைத்துவிட்டு, மற்ற நேரத்தில் இந்த மலையின் பாசியையும் பூச்சியையும் ஆர்க்கிட்டையும் தேடி அலைந்தவர்கள். ஆங்கிலேட் பாதிரியார் நம் மலையின் கல்திட்டைகளை அளந்து எழுதினார், செடிகளை வரைந்து வைத்தார். ஃபோரோ பாதிரியார் பாசி வகைகளைச் சேகரித்தார். சோலைக்குள் மழையில், மரப்பட்டையோடு முகத்தை ஒட்டிக்கொண்டு ஒரு பாசியைப் பார்ப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று, அட்டைக்கடி வாங்கின மேல்மலைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பாதிரியார்களே பெரிய கண்டுபிடிப்பாளர்களாக இருந்திருக்கிறார்களா?

இருந்திருக்கிறார்கள். மரபியலின் தந்தை மெண்டல் ஒரு துறவி. இன்று செக் நாட்டில் இருக்கும் புர்னோ மடத்துத் தோட்டத்தில் ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து எண்ணினார். 1866இல் கட்டுரை வந்தது, 1900வரை யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பெல்ஜியத்துக்காரரான ஜார்ஜ் லெமெய்த்தர் கத்தோலிக்கப் பாதிரியார். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இலேயே எழுதினார். அது ஒரு தொடக்க அணுவிலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று 1931இல் சொன்னார். இன்று பெருவெடிப்பு என்று சொல்கிறோமே, அதன் வேர் இதுதான். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், படைப்பு என்ற கருத்துக்கு அறிவியல் சாட்சி சொல்லிவிட்டது என்ற பொருளில் பேசினார். அதைக் கேட்டு முதலில் மகிழ வேண்டியவர் லெமெய்த்தர். அவரோ கவலைப்பட்டார். என் கோட்பாடு நாளை மாறலாம், அதன் மேல் விசுவாசத்தை நிறுத்தாதீர்கள் என்பது அவர் எண்ணம். வத்திக்கான் வானாய்வக இயக்குநரோடு சேர்ந்து, போப் அதைத் திரும்பப் பேசாமல் பார்த்துக்கொண்டார். இந்த ஒரு செயலுக்காகவே அவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

பெண்கள் யாரும் இல்லையா, சார்?

இந்தத் துண்டுச்சீட்டு பென்சிலில் எழுதியிருந்தது, கீழே இரண்டு கோடு போட்டு. நியாயமான கோபம். 1967இல் துடிவிண்மீனை, அதாவது சீரான இடைவெளியில் வானொலித் துடிப்புகள் வருகிற விண்மீனை, முதலில் கண்டவர் ஜோசலின் பெல், அப்போது ஆராய்ச்சி மாணவி. 1974இல் அதற்கு வந்த நோபல் பரிசு அவருடைய வழிகாட்டிக்குப் போனது. ஜோசலின் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அவர்கள் கூட்டங்களில் பெரும்பாலும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். எதையும் முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளாத அந்தப் பழக்கம் ஆராய்ச்சிக்கும் ஒத்துப்போகிறது என்று அவர் பேசியிருக்கிறார். நீலகிரியில் முத்தோரையில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் ஊட்டி வானொலித் தொலைநோக்கி 1970இலிருந்து இயங்குகிறது. அவர் கண்டுபிடித்த அதே துடிவிண்மீன்களை அங்கே ஆராய்கிறார்கள். ஊட்டிக்குப் போனால் படகு வீட்டோடு திரும்பிவிடாமல் அந்தப் பக்கமும் போய் வாருங்கள்.

ஒரு பக்தரும் ஒரு நாத்திகரும் ஒரே விஷயத்தை ஆராய்ந்தால் விடை மாறுமா?

பெட்டியில் விழுந்ததிலேயே நல்ல கேள்வி இது. இதற்கு நடந்த உதாரணமே இருக்கிறது. 1979ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு மூவருக்குப் பகிர்ந்து தரப்பட்டது. அவர்களில் அப்துஸ் சலாம் பாகிஸ்தானைச் சேர்ந்த, தொழுகை தவறாத முஸ்லிம். ஸ்டீவன் வைன்பர்க் வெளிப்படையான நாத்திகர், பிரபஞ்சம் புரியப் புரிய அதற்கு ஒரு நோக்கமும் இல்லை என்றே தெரிகிறது என்று எழுதியவர். மின்காந்த விசையும் அணுக்கருவுக்குள் இருக்கும் மென்விசையும் ஒன்றின் இரு முகங்கள் என்ற கொள்கைக்கு இருவரும் தனித்தனியாக, வேறு வேறு நாட்டில் இருந்தபடி வந்து சேர்ந்தார்கள். சமன்பாட்டைப் பார்த்து எது சலாமுடையது, எது வைன்பர்க்குடையது என்று மதத்தை வைத்துப் பிரிக்க முடியாது. தான் நம்பிக்கை உள்ளவர், அவர் இல்லாதவர், அதனால் ஒரு வித்தியாசமும் வரவில்லை என்று சலாமே எழுதியிருக்கிறார்.

ஆனால் சலாமின் உள்ளத்தில் மதம் சும்மா இருந்தது என்று நினைக்காதீர்கள். நோபல் விருந்தில் தலைப்பாகை கட்டிக்கொண்டு எழுந்து குர்ஆன் வசனத்தைச் சொன்னார். இறைவனின் படைப்பில் ஏதாவது குறை தெரிகிறதா, மறுபடி பார், மறுபடியும் பார் என்று வரும் வசனம். இயற்கையில் ஒழுங்கு இருக்கும் என்று தேட அந்த வசனம் அவரை உந்தியது. வைன்பர்க்கை வேறொன்று உந்தியது.

அவருக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். சலாம் அகமதியா பிரிவைச் சேர்ந்தவர். 1974இல் பாகிஸ்தான் அரசியல் சட்டத்தைத் திருத்தி அந்தப் பிரிவினர் முஸ்லிம்களே இல்லை என்று அறிவித்தது. 1996இல் இறந்த அவருடைய கல்லறைக் கல்லில், நோபல் பெற்ற முதல் முஸ்லிம் என்று எழுதியிருந்தது. அதில் 'முஸ்லிம்' என்ற சொல்லை மட்டும் பின்னால் அழித்துவிட்டார்கள். ஒருவர் எதை நம்பினார் என்று அவரே வாழ்நாள் முழுக்கச் சொன்னபிறகும், அதை அடுத்தவர் வந்து அழிப்பதை எந்தப் பக்கத்தில் யார் செய்தாலும் என்னால் பொறுக்க முடியவில்லை.

மொத்தத்தில் எத்தனை விஞ்ஞானிகள் கடவுளை நம்புகிறார்கள்?

அமெரிக்காவில் எடுத்த கணக்குகள் உண்டு. 1914இல் ஜேம்ஸ் லூபா என்ற உளவியலாளர் ஆயிரம் விஞ்ஞானிகளிடம் கேட்டார், சுமார் 40 சதவீதம் பேர் வேண்டுதலுக்குச் செவிசாய்க்கும் கடவுளை நம்பினார்கள். 1996இல் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டபோதும் ஏறத்தாழ அதே 40. ஆனால் 1998இல் அந்நாட்டு தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினர்களை மட்டும் கேட்டபோது 7 சதவீதம்தான். 2009இல் பியூ ஆய்வு மையம் அமெரிக்க விஞ்ஞானிகளிடம் எடுத்த கணக்கில் 33 சதவீதம் கடவுளையும், 18 சதவீதம் ஏதோ ஒரு மேலான சக்தியையும் நம்பினார்கள், 41 சதவீதம் இரண்டையும் நம்பவில்லை. இவை அமெரிக்காவின் எண்கள். நம் ஊருக்கு அப்படியே பொருத்திவிடாதீர்கள். அப்புறம், ஓட்டு எண்ணிக் கடவுள் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது, எந்தப் பக்கம் அதிகமாக இருந்தாலும்.

வாட்ஸப்பில் வரும் விஞ்ஞானி மேற்கோள்களை நம்பலாமா?

மூன்றைக் கேளுங்கள். யாரிடம் சொன்னார், எந்த ஆண்டு, எந்தக் கடிதத்தில் அல்லது உரையில். ஒன்றுக்கும் பதில் இல்லையென்றால் அனுப்பாதீர்கள். ஒரு பள்ளியின் சுவரில், பகவத் கீதையைப் படித்த பிறகு மற்றதெல்லாம் வீண் என்று தோன்றியதாக ஐன்ஸ்டைன் சொன்னார் என்று பெரிதாக எழுதியிருந்ததைப் பார்த்தேன். அவருடைய கடிதங்களிலோ கட்டுரைகளிலோ அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. எடுத்துச் சொன்னேன், நல்ல விஷயம்தானே, இருக்கட்டும் சார் என்றார்கள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. கீதையை உண்மையாகவே படித்த இயற்பியலாளர் வேண்டுமென்றால் ஓப்பன்ஹைமர் இருக்கிறார், 1930களில் ஒரு சமஸ்கிருதப் பேராசிரியரிடம் உட்கார்ந்து மூலத்திலேயே படித்தவர். உண்மையே கையில் இருக்கும்போது பொய் எதற்கு?

என் மகள் கல்லூரியில் இயற்பியல் படிக்க ஆசைப்படுகிறாள். படித்தால் சாமி நம்பிக்கை போய்விடுமா, ஐயா?

இதைக் கேட்டவர் பூண்டுத் தோட்டத்தில் வேலை செய்கிற ஒரு தாய். பெட்டியில் போடவில்லை, வீட்டுக்கே வந்து கேட்டார். போகலாம் தாயி, போகாமலும் இருக்கலாம், என்னிடம் படித்தவர்களில் இரண்டு மாதிரியும் இருக்கிறார்கள் என்று சொன்னேன். போனாலும் அவள் உங்கள் பிள்ளைதான், படிக்க அனுப்புங்கள் என்றேன். டார்வின் குடும்பத்தைத் தேவாலய வாசல்வரை கொண்டுவிட்ட கதையையும் சொன்னேன்.

இரண்டு வருடம் ஆயிற்று. போன தை மாத லீவில் பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயில் வாசலில் இருவரையும் பார்த்தேன். அம்மா உள்ளே போயிருந்தார். மகள் வெளியே, அம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில், கைகளை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே போகவில்லையா என்றேன். "இல்ல சார், இப்பல்லாம் போறதில்ல" என்றாள். வெளியே வந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. விபூதியை எடுத்து நீட்டினார். அவள் கொஞ்சம் குனிந்து நெற்றியைக் காட்டினாள்.